நாய்க்கும் இடமுண்டு

இந்தப் பக்கத்தில் புத்தகங்களை விமர்சித்திருக்கிறேன். சினிமாவை விமர்சித்திருக்கிறேன். ஒரு முறை வேறு எதுவும் கையில் சிக்காமல் ஒரு கல்யாணப் பத்திரிகையைக்கூட விமர்சித்தேன். இந்த வாரம் ஒரு ராத்திரியை விமர்சிக்கப் போகிறேன். சரியாகச் சொன்னால் இரண்டு ராத்திரிகள். இரண்டிலும் எங்களோடு மணி இருந்தான்.

மணி எங்கள் வீட்டு நாய். தாய் லேப்ரடார். தகப்பன் யாரென்று தெருவுக்குத்தான் தெரியும். எட்டு வயது, 26 கிலோ. சாதாரண நாட்களில் மகா வீரன். கூரியர் பையன், கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவர், என் மைத்துனர் என்று யாருக்கும் அஞ்சமாட்டான். ஆனால் தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால் எங்கோ முதல் வெடி வெடித்ததும், பாத்ரூமில் வாளிக்கும் சுவருக்கும் நடுவே அவன் உடம்புக்குக் கொஞ்சமும் போதாத இடுக்கில் தன்னைச் செருகிக்கொள்வான். அப்புறம் சாப்பாடு கிடையாது. நடுக்கம் மட்டும்தான். ஒரு வருஷம் கதவு திறந்திருந்த நேரம் பார்த்து ஓடிவிட்டான். இரண்டு நாள் கழித்து நாலு தெரு தள்ளி ஒரு லாரிக்கு அடியில் கிடைத்தான், முன்னங்காலில் ஒரு நகம் பிய்ந்து.

நாய் வளர்க்காதவர்கள் சிரிக்க வேண்டாம். நம் காது 20 ஆயிரம் ஹெர்ட்ஸோடு கடையை மூடிவிடுகிறது. நாயின் காது 45 ஆயிரம் வரை திறந்திருக்கும். ஒரு பட்டாசு வெடிக்கிற இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது நம் சட்டம். 125 என்பது ஒன்றும் சின்னச் சத்தம் இல்லை. நமக்கே காது வலிக்க ஆரம்பிக்கிற எல்லைக்குப் பக்கம். அதைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்று இருக்கிறது. நமக்கு அது தீபாவளி என்று தெரியும். நாயிடம் காலண்டர் இல்லை.

இந்தப் பயத்துக்கு இப்போது ஒரு சந்தை வந்துவிட்டது. ஆவணி பிறந்தால் விளம்பரங்கள் வரத் தொடங்கும். 'உங்கள் செல்லத்துடன் பண்ணையில் ஓர் இரவு.' 'பட்டாசுச் சத்தம் எட்டாத தீபாவளி.' கொடைக்கானல், ஏற்காடு, ஏலகிரி, குன்னூர்ப் பக்கமெல்லாம் நாய்க்கும் இடமுண்டு என்று போர்டு தொங்குகிறது. ரயிலில் போகலாம் என்றால் நாயை முதல் வகுப்பு ஏசியில், முழு அறையையும் நாமே பிடித்துக்கொண்டு கூட்டிப்போக வேண்டும். இல்லையென்றால் கார்டு வண்டியில் ஒரு பெட்டிக்குள் அடைக்க வேண்டும். அதனால் எல்லாரும் காரில் போகிறார்கள். நாங்களும் போனோம்.

முதல் ராத்திரி, ஒரு மலையடிவாரப் பண்ணையில். பெயர் வேண்டாம். அவர்கள் அனுப்பிய கையேட்டை முதலில் படித்தேன், விமர்சகன் புத்தி. 'இயற்கையின் மடியில்' என்ற தொடர் மூன்று இடத்தில் வந்தது. 'நிஜமான உழவர் வாழ்க்கை' இரண்டு இடத்தில். அதற்கு அடுத்த பக்கத்தில் நாய்களுக்கான விதிகள், மொத்தம் 19. கட்டிலில் ஏறக் கூடாது. சோபாவில் ஏறக் கூடாது. சாப்பிடும் ஹாலுக்குள் வரக் கூடாது. நீச்சல் குளத்தின் பக்கம் போகக் கூடாது. புல்வெளியில் கூடாது. மற்ற விருந்தினருக்குத் தொந்தரவாகக் குரைக்கக் கூடாது. நாய் என்னதான் செய்யலாம் என்று ஒரு பட்டியல் தேடினேன், இல்லை. போட்டோவுக்கு நிற்கலாம் என்று ஊகித்துக்கொண்டேன். இதற்கு மணியின் பெயரில் தனியாக 1,500 ரூபாய்.

காலை ஏழு மணிக்கு 'பால் கறத்தல்' என்று நிகழ்ச்சி நிரலில் இருந்தது. போய் நின்றோம். ஏழெட்டுக் குடும்பங்கள், ஆளுக்கொரு செல்போன். பால்காரர் பாவம், அஞ்சு மணிக்கே கறந்து முடித்துவிட்டு எங்களுக்காகக் கொஞ்சம் மடியில் விட்டுவைத்திருந்தார். அந்தப் பசுவின் முகத்தில், ஓய்வு பெற அனுமதி கிடைக்காத பழைய நாடக நடிகரின் களைப்பு தெரிந்தது.

பண்ணைத் தங்கல் என்பது வெளிநாட்டில் பழைய விஷயம். இத்தாலியில் 1985-லேயே இதற்கென்று ஒரு சட்டம் போட்டார்கள். விவசாயி தன் வீட்டில் விருந்தாளிகளைக் காசு வாங்கிக்கொண்டு தங்கவைக்கலாம். ஆனால் விவசாயம்தான் முதல் தொழிலாக இருக்க வேண்டும், விருந்தாளி இரண்டாவதாகத்தான் வர வேண்டும் என்பது அதன் சாரம். நல்ல விதி. நான் தங்கிய பண்ணையில் விருந்தாளிதான் பயிர். மாடு, கோழி, தக்காளிச் செடி எல்லாம் ஊடுபயிர்.

இதையெல்லாம்கூட மன்னித்துவிடலாம். காசு கொடுத்துப் பொய் வாங்குவது நமக்குப் பழக்கம்தான். மன்னிக்க முடியாதது ஒன்று ராத்திரி நடந்தது.

பதினொரு மணிக்கு மேல் எங்கிருந்தோ ஒரு நாய் ஊளையிட்டது. நிறுத்தாமல். டார்ச்சை எடுத்துக்கொண்டு போனேன். ஜெனரேட்டர் ஷெட்டுக்குப் பின்னால், இரண்டு முழச் சங்கிலியில் ஒரு நாட்டு நாய். காவலுக்கு இருந்தவர் எழுந்து வந்தார்.

“நம்ம பண்ணை நாய்தான் சார். கெஸ்ட்டு நாயிங்க வந்தா சண்டை ஆயிடும்ல, அதான் கட்டிப் போட்ருக்கு.”

“எத்தனை நாளைக்கு?”

“சீசன் முடியிற வரைக்கும் சார்.”

அறைக்குத் திரும்பினேன். மணி ஏசியில், விதி ஒன்றை மீறி, கட்டிலில் படுத்திருந்தான். நான் கட்டிய 1,500 ரூபாயில் அந்தச் சங்கிலிக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. 'நாய்க்கும் இடமுண்டு' என்ற போர்டில் எழுதாமல் விட்ட வரி அது: உங்கள் நாய்க்கு இடமுண்டு, இங்கே இருந்த நாயின் இடத்தில்.

மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' (2018) பார்த்திருப்பீர்கள். கருப்பியைத் தண்டவாளத்தில் கட்டிப்போட்டுக் கொல்கிறார்கள். கருப்பி என்ன தப்பு செய்தது? அது யாருடைய நாய் என்பதுதான் அதன் தப்பு. நம் ஊரில் நாய்க்குக் கிடைக்கிற அன்பும் அடியும் பெரும்பாலும் நாயைப் பார்த்து வருவதில்லை. கயிற்றின் மறுமுனையில் நிற்கிற ஆளைப் பார்த்து வருகிறது. மணிக்குக் கிடைத்த வரவேற்பு என் கிரெடிட் கார்டுக்குக் கிடைத்த வரவேற்பு.

இதைச் சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கிற நண்பர் ஒருவரிடம் புலம்பிக்கொண்டிருந்தேன். “நிஜமான பண்ணைதானே வேணும்? விஸ்வநத்தத்துக்கு வாங்க. நம்ம அண்ணாச்சி ஒருத்தரு காடு வச்சிருக்காரு. நாயையும் கூட்டிட்டு வாங்க” என்றார். கரிசல் பக்கத்தில் காடு என்றால் புலி இருக்கிற காடு இல்லை. மானாவாரி நிலம்.

“விஸ்வநத்தமா? பட்டாசுக்குப் பயப்படுகிற நாயைப் பட்டாசு செய்கிற ஊருக்கா?”

“செய்யிற எடத்துல எவனாவது வெடிப்பானா சார்? சத்தமே வந்துரக் கூடாதுன்னுதான் அங்க அத்தனை பேரும் வேலை பாக்குறாங்க.”

இந்தப் பதிலை அப்போது ஒரு ஜோக்காகத்தான் எடுத்துக்கொண்டேன்.

போன புரட்டாசியில் போனோம். விஸ்வநத்தம், சிவகாசியை ஒட்டிய ஊர். மழை கஞ்சத்தனமாகப் பெய்கிற பூமி. அந்தக் கஞ்சத்தனம்தான் இந்த வட்டாரத்தின் மூலதனம். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு 1923-ல் திரும்பி வந்தபோது, தீக்குச்சி காய வேண்டிய வெயில் இங்கே இலவசமாகக் கொட்டிக் கிடந்தது. பிறகு பட்டாசு, அச்சு என்று வளர்ந்தது. பயிருக்கு ஆகாத வெயில் மருந்துக்கு ஆயிற்று. இன்றும் பல வீடுகளில் ஒரு கை மண்ணிலும் ஒரு கை மருந்திலும் இருக்கிறது. மழை பெய்தால் விதைப்பு, இல்லாவிட்டால் பட்டாசு ஆலை.

அண்ணாச்சிக்கு நாலு ஏக்கர். மக்காச்சோளமும் உளுந்தும் போட ஈரத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தார். ஒரு கிணறு, ஒரு பசு, பன்னிரண்டு ஆடுகள், கோழிகள், பிறகு செவலை. செவலை அவர்கள் நாய். ஒல்லியான நீளக் கால், ஒட்டிய வயிறு. பாதி சிப்பிப்பாறை என்றார். சிப்பிப்பாறை நாயைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், முயலை ஓடிப் பிடிக்கிற இனம். அந்தப் பெயர் இதே மாவட்டத்து ஊரின் பெயர். இன்னொரு புகழ்பெற்ற இனமான ராஜபாளையமும் இங்கேதான். 2005-ல் தபால் துறை இந்திய நாய் இனங்களுக்கு ஸ்டாம்பு வெளியிட்டபோது ராஜபாளையத்துக்கும் ஒன்று கிடைத்தது. நாய்க்குப் பேர் போன மாவட்டமும் பட்டாசுக்குப் பேர் போன மாவட்டமும் ஒன்றே என்பது எனக்கு அதுவரை உறைத்ததில்லை.

வாசலிலேயே மதினி எங்களை நிறுத்திவிட்டார். அண்ணாச்சியின் மனைவி. கேள்விகள் மணியைப் பற்றி.

“வெறிநாய்க்கடி ஊசி போட்ருக்கா தம்பி?”

“போட்டாச்சு.”

“பூச்சி மருந்து?”

“போன மாசம்.”

“ஆட்டை வெரட்டுமா?”

“தெரியலையே.”

“வெரட்டுனா கட்டிப் போட்ருவேன். ஒங்களையும் சேத்து.”

மலையடிவாரத்தில் பணம் கட்டிய ரசீதைத்தான் கேட்டார்கள். மணிக்கு ஊசி போட்டிருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. மனிதருக்கு வருகிற ரேபீஸில் 99 சதவீதம் நாய் மூலம் வருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பூச்சி மருந்தும் சும்மா கேட்கவில்லை. நாயின் வயிற்றில் இருக்கிற சில நாடாப்புழுக்கள் அதன் மலம் வழியாக மேய்ச்சல் நிலத்துக்கும், அங்கிருந்து ஆட்டின் வயிற்றுக்கும் போகும். உங்கள் நாய் ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போய்விடும், புழு போகாது.

அண்ணாச்சி அடுத்ததாகச் செய்ததை எந்தக் கையேட்டிலும் நான் படித்ததில்லை. மணியை உள்ளே விடவில்லை. செவலையைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு ரோட்டுக்கு வந்தார். “வாசல்ல வச்சுக் காட்டக் கூடாது சார். வீடு அதுக்குச் சொந்தம்லா. ரோடு பொது. இங்க வச்சுப் பழகட்டும்.” இரண்டு நாய்களையும் பக்கம் பக்கமாக அரை மணி நேரம் நடத்திக்கொண்டு போனோம். ஒன்றை ஒன்று மோந்தன, உறுமின, சலித்தன. பிறகு செவலை முன்னால் போக, மணி பின்னால் போக, வீட்டுக்குள் நுழைந்தோம். யாரையும் ஜெனரேட்டருக்குப் பின்னால் கட்டவில்லை.

மதினியின் வீட்டிலும் விதிகள் உண்டு. மூன்று. ஒன்று, புண்ணாக்கு மூட்டை இருக்கிற அறைப் பக்கம் விடக் கூடாது. உரத்துக்கு வாங்கிவைத்த ஆமணக்குப் புண்ணாக்கு. நாய்க்கு அந்த ருசி பிடிக்கும், ஆனால் அதில் இருக்கிற ரிசின் ஆளையே கொல்லும், நாய் எம்மாத்திரம். பக்கத்திலேயே எலி மருந்தும் இருந்தது. இரண்டு, குஞ்சோடு இருக்கிற கோழியிடம் விடக் கூடாது. இது கோழிக்காகச் சொன்னது இல்லை, மணிக்காகச் சொன்னது. மூன்று, பொழுது சாய்ந்தால் வரப்பில் அவிழ்த்துவிடக் கூடாது. நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் அந்த நேரத்தில்தான் உலாப் போகும். 19 விதிகளில் கட்டில் விரிப்பைப் பற்றிய கவலை இருந்தது. இந்த மூன்றில் உயிரைப் பற்றிய கவலை இருந்தது.

விமர்சகன் குறையும் சொல்ல வேண்டும். கொசு பிய்த்தது. கழிப்பறை தூரம், டார்ச்சோடு போக வேண்டும். மறுநாள் மணியின் காதிலிருந்து 11 உண்ணி எடுத்தேன். செவலை அவன் தட்டிலிருந்த கோழித் துண்டைத் திருடிவிட்டது. மற்றபடி, வேப்ப மரத்தடியில் கயிற்றுக் கட்டில், சோளச் சோறு, கருவாட்டுக் குழம்பு, பேச்சுக்கு அண்ணாச்சி. மணி கட்டிலுக்கு அடியில், செவலை வாசற்படியில். ராத்திரி முழுக்க ஒரு சத்தம் இல்லை.

இதோடு கட்டுரையை முடித்திருந்தால் 'கிராமம் நல்லது, ரிசார்ட் கெட்டது' என்ற பழைய பாட்டாகப் போயிருக்கும். நீங்களும் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பீர்கள். மறுநாள் காலை பதினொரு மணிக்கு அந்தச் சத்தம் கேட்டிராவிட்டால்.

தூரத்தில் ஒரே ஒரு 'டொம்'. பெரிய சத்தம்கூட இல்லை. தரை லேசாக அதிர்ந்தது போல இருந்தது. மணி அடுத்த நொடி கட்டிலுக்கு அடியில் சுருண்டு நடுங்க ஆரம்பித்தான். அவனைச் சமாதானப்படுத்தக் குனிந்த நான் நிமிர்ந்து பார்த்தால், மதினி அசையாமல் நின்றுகொண்டிருந்தார். கையில் சுளகு. அதிலிருந்து உளுந்து ஒரு பக்கமாக வழிந்துகொண்டிருந்தது. அவர் கவனிக்கவில்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் மருமகள் காலையில் எட்டு மணிக்கு முன்னாலேயே வேலைக்குப் போயிருந்தாள். எங்கே என்று நான் கேட்டிருக்கவில்லை. கேட்காமலே தெரிந்திருக்க வேண்டும்.

“போன் போட்டுப் பாருங்க” என்றேன்.

“உள்ள செல்போன் கொண்டு போகக் கூடாது தம்பி.”

அண்ணாச்சியும் வந்து நின்றார். ரோட்டில் சைக்கிளில் போன ஒரு பையனும் இறங்கி நின்று அதே திசையைப் பார்த்தான். யாரும் பேசவில்லை. இரண்டு நிமிஷம் இருக்கும். எனக்கு அது ரொம்ப நீளமாக இருந்தது.

“பொகை இல்ல” என்றார் அண்ணாச்சி கடைசியில். “குவாரி வெடியாத்தான் இருக்கும்.”

மதினி சுளகைக் கீழே வைத்துவிட்டுச் சிந்திய உளுந்தைப் பொறுக்கத் தொடங்கினார். “பொகை வந்தாத்தான் தம்பி நம்ம பக்கம்” என்றார், எனக்குப் பாடம் சொல்கிற மாதிரி. பிறகு கட்டிலுக்கு அடியில் எட்டிப் பார்த்து, “நீ ஏன்டா நடுங்குற? ஒனக்கு யாரு அங்க இருக்கா?” என்றார்.

நண்பர் சொன்ன ஜோக் அப்போது புரிந்தது. சத்தமே வந்துவிடக் கூடாது என்று வேலை பார்க்கிற ஊர். வருஷத்தில் ஒரு வாரம் மணிக்கு இருக்கிற காது, இவர்களுக்கு வருஷம் முழுக்க இருக்கிறது. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். 2021 பிப்ரவரியில் அச்சங்குளம். நடுவே 2020 மார்ச்சில் ஒரு வெடிவிபத்து. அது நடந்த ஊர் சிப்பிப்பாறை. ஆமாம், நாய்க்குப் பெயர் கொடுத்த அதே பெயர். அந்த நாயைப் பற்றித் தேடினால் படம் படமாக வருகிறது. செத்துப்போனவர்களைப் பற்றி எத்தனை பேர் தேடியிருப்போம்?

இங்கே ஒரு ஒப்புதல் வாக்குமூலம். மணி ஓடிப்போய்த் திரும்பி வந்த வருஷம், பட்டாசை முழுக்கத் தடை செய்யச் சொல்லும் ஒரு மனுவில் கையெழுத்துப் போட்டேன். நாய் வளர்க்கும் நண்பர் அனுப்பியது. விஸ்வநத்தத்திலிருந்து திரும்பி வந்ததும் அதைத் தேடி எடுத்து மறுபடி படித்தேன், இந்த முறை விமர்சகனாக. நாய் என்ற சொல் ஏழு இடத்தில் வருகிறது. புகை ஐந்து இடத்தில். பட்டாசைச் செய்கிற கை ஒரு இடத்தில்கூட இல்லை. பட்டாசு ஏதோ செடியில் காய்க்கிற மாதிரி எழுதியிருந்தார்கள். நானும் அப்படியே படித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அதற்காகத் தொழிலின் பக்கம் எழுதப்படுவது எல்லாம் நல்ல இலக்கியம் என்று சொல்லவில்லை. அதில் தொழிலாளி வருகிறார், 'லட்சக்கணக்கான குடும்பங்கள்' என்று கூட்டமாக. அந்தக் குடும்பத்தில் ஒருத்தி காலை பதினொரு மணிக்குச் சுளகோடு வானத்தைப் பார்த்து நிற்பது வருவதில்லை. நாயும் நோயாளியும் கைக்குழந்தையும் வருவதில்லை. இரண்டு பக்கமும் தனக்கு வசதியான உயிரை மட்டும் எண்ணுகிறது.

உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் கொடுத்த தீர்ப்பு இரண்டுக்கும் நடுவே ஒரு வழி தேடிய தீர்ப்பு. முழுத் தடை இல்லை. பேரியம் கூடாது, சரவெடி கூடாது, பசுமைப் பட்டாசு மட்டும், அதுவும் குறிப்பிட்ட இரண்டு மணி நேரம். தமிழ்நாட்டில் அந்த இரண்டு மணி நேரத்தைக் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று பிரித்து வைத்தார்கள். பசுமைப் பட்டாசு புகையைத்தான் குறைக்கும். நாயின் காதுக்கு அது பச்சையும் இல்லை, மஞ்சளும் இல்லை. ஆனால் அந்த நேரக் கட்டுப்பாடு இருக்கிறதே, அதை ஒழுங்காகக் கடைப்பிடித்தால் மலையடிவாரப் பண்ணைகளுக்குப் பாதி வியாபாரம் போய்விடும். எப்போது சத்தம் வரும், எப்போது நிற்கும் என்று தெரிந்தால் நாயைச் சமாளிக்கலாம். சாயங்காலம் ஆறு மணிக்குள் வெளியே கூட்டிப்போய் வந்துவிட்டு, ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியும் டிவியும் ஓட, அது தானாகத் தேர்ந்தெடுத்த மூலையில் படுக்கவிட்டால் போதும். ரொம்பப் பயப்படுகிற நாய் என்றால் ஒரு மாதம் முன்பே கால்நடை மருத்துவரைப் பாருங்கள். மயக்க மருந்தை நீங்களாகக் கொடுக்காதீர்கள். சில பழைய மருந்துகள் உடம்பை மட்டும்தான் அசையாமல் ஆக்கும், உள்ளே பயம் அப்படியே இருக்கும். நகர முடியாமல் பயப்படுவது இன்னும் கொடுமை.

வாங்குகிறவன் கையிலும் கொஞ்சம் இருக்கிறது. கம்பி மத்தாப்பும் புஸ்வாணமும் சங்குசக்கரமும் சிவகாசிப் பக்கத்துக் கைகள் செய்வதுதான். வெடிக்குப் பதில் வெளிச்சத்தை வாங்கினால் விஸ்வநத்தத்துக்கும் கூலி போகும், மணிக்கும் நடுக்கம் குறையும். முடியாது என்கிறவர்கள் சிவகங்கை மாவட்டத்தில் கொள்ளுகுடிப்பட்டி வரை போய்வரலாம். பக்கத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம். அங்கே வந்து கூடு கட்டுகிற பறவைகள் மிரளக் கூடாது என்று அந்த ஊர்க்காரர்கள் பல வருஷங்களாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. எந்த மனுவும் இல்லாமல் எடுத்த முடிவு.

கிளம்பும்போது அண்ணாச்சியிடம் பணம் கொடுக்கப் போனேன். வாங்கவில்லை. அந்த மலையடிவாரத்தில் மணிக்கு மட்டும் 1,500 ரூபாய் என்றேன்.

“நாய்க்குத் துட்டா?” என்று மதினி ரொம்ப நேரம் சிரித்தார். பிறகு, “அங்க செவலை மாதிரி நாயி இருந்துச்சா தம்பி?” என்று கேட்டார்.

இருந்தது என்றேன். எங்கே இருந்தது என்று சொல்லவில்லை.

இந்தக் கட்டுரையில் ஒன்றைக் கவனித்தீர்களா? என் நாயை 'அவன்' என்று எழுதியிருக்கிறேன். ஜெனரேட்டருக்குப் பின்னால் கிடந்ததையும் செவலையையும் 'அது' என்று எழுதியிருக்கிறேன். நானும் படித்துப் பார்க்கும்போதுதான் கவனித்தேன். திருத்தவில்லை, நீங்களும் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். செவலை ஒரு அவள். எங்கள் கார் ரோடு திரும்புகிற வரைக்கும் பின்னால் ஓடி வந்தாள்.

போன தீபாவளிக்கு நாங்கள் எங்கும் போகவில்லை. மணி வாளிக்குப் பின்னால் படுத்திருந்தான். நான் பாத்ரூம் வாசலில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். எட்டரை மணிக்கு அவனாக எழுந்து வந்து கொஞ்சம் தயிர்ச் சோறு சாப்பிட்டான். பத்தரை மணிக்கு மேல்மாடிக்காரர் ஒன்று போட்டார். பழையபடி வாளிக்குப் பின்னால் போய்விட்டான்.

அடுத்த ஆவணியில் உங்களுக்கும் அந்த விளம்பரம் வரும். போக வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். பணம் கட்டுவதற்கு முன்னால் போனில் ஒரே ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். ஏசி உண்டா, நீச்சல் குளம் உண்டா என்பதெல்லாம் அப்புறம்.

“என் நாய் வருகிற ராத்திரி உங்கள் நாய் எங்கே படுக்கும்?”